கறை இல்லாத இடத்துப் பூக்கள்

சித்தி மேல் எனக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறை ஒரே இடத்தில்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், உள்ளங்கை அகலம். அதற்காக அவள் ஒரு முழு வெள்ளைக் கவுனையே பாழாக்கிவிட்டாள்.

பந்தலூர்ப் பக்கம், நாங்கள் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட். கொழுந்துக்கு விலை விழுந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். மற்ற நாட்களில் சித்தி கிளார்க்கர் வீட்டில் துணி துவைத்தாள். எஸ்டேட் லய வீடுகளில் இருக்கும் நாங்கள் தேயிலைச் செடிமேல்தான் துணி காயப்போடுவோம். அன்று பார்த்து அங்கே கவாத்து வெட்டியிருந்தார்கள். செடியெல்லாம் மொட்டையாக நிற்க, வெட்டிப்போட்ட பச்சைக் கிளைக் குவியல்மேல் கிளார்க்கர் மகளின் கவுனை விரித்துவிட்டாள் மகராசி. இலைச்சாறு ஈரத்துணியில் இறங்கித் தேத்தண்ணி நிறத்தில் பிடித்துக்கொண்டது. எலுமிச்சை, உப்பு, சவுக்காரம், எதற்கும் அசையவில்லை. “இனி என் மக போடமாட்டா, நீயே எடுத்துக்கிட்டுப் போ” என்று கிளார்க்கர் வீட்டம்மா கொடுத்துவிட்டார்.

எனக்கு அடித்தது யோகம்! அடுத்த வாரம் என் பிறந்தநாள். அன்றைக்கு மட்டும் யூனிபார்ம் இல்லாமல் பள்ளிக்குப் போகலாம். கழுத்தைச் சுற்றி லேஸ், முதுகில் பெரிய ரிப்பன். அப்படி ஒன்றை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

“கறைமேல ஒரே ஒரு ரோசாப்பூ போட்டுக் குடு சித்தி” என்றேன். தையல் வகுப்புக்குப் போன காலத்தில் வாங்கிய பேப்ரிக் பெயின்ட் அவளிடம் இருந்தது. ரோசாவோடு நிறுத்தினாளா? கையில் கொடி, நெஞ்சில் கொத்து, கீழே சுற்றிலும் ஊதாப்பூ. லேஸைப் பிரித்தாள், ரிப்பனை வெட்டினாள். பெயின்ட் தீரத் தீரத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். “ஐயோ, என் கவுனு!” என்று தரையில் புரண்டு அழுதேன். “பேசாம போட்டுக்கிட்டுப் போடி” என்றாள்.

பிறந்தநாளன்று அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கிளார்க்கர் மகளும் என் வகுப்புதான். என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“எவ்வளவு அழகா இருக்கு! எங்க வாங்குனீங்க?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க வாங்குறது? இது உன் வெள்ளைக் கவுனுதான். எங்க சித்தி கண்டதையும் கிறுக்கிக் கெடுத்துட்டா!” என்று எல்லார் முன்னாலும் கொட்டித் தீர்த்தேன்.

அவள் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். “ஐயே, என்னோட பழசு!” என்றாள். மத்தியானத்துக்குள் வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டுச் சித்தியை ஒரு பிடி பிடித்தேன். எல்லாம் உன்னால்தான், என் மானமே போச்சு என்று கத்தினேன்.

“அவ்வளவு பூ போட்டும் அந்தப் புள்ள கண்டுபுடிச்சிருச்சா?” என்று கேட்டாள்.

“அவளுக்கு எங்க தெரியுது? நான்தான் சொன்னேன்” என்றேன், பெரிய சாமர்த்தியம் மாதிரி.

சித்தி கீழே உட்கார்ந்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த ஊதாச் சாயத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். செய்த தப்பு இப்போதாவது இவளுக்கு உறைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.