இன்னும் சிரிக்கிறார்களா?

மொன்றியலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி ஓர் ஆர்மீனிய மூதாட்டி. நாங்கள் அவரை மதாம் என்போம். அவரை நினைத்தால், நண்பகலில் மேல்மாடி ஜன்னல் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு நிற்கும் முகம்தான் முதலில் வருகிறது. தெருவில் பனியைத் தவிர ஒன்றும் இராது. "குதிரைகள்" என்று முணுமுணுப்பார்.

துருக்கிய சுல்தானின் பேரரசு தள்ளாடிய காலத்தில், அதன் கிழக்கு நகரமொன்றில் பிறந்தவர் அவர். அங்கே ஆர்மீனியரிலேயே கத்தோலிக்கருக்குப் பிரான்ஸ், பழைய திருச்சபையாருக்கு ரஷ்யா, புரட்டஸ்தாந்தருக்கு இங்கிலாந்து என்று ஆளுக்கொரு வல்லரசு காவல். தகப்பன் ஒரு சபையில் சேர, சிறிய தகப்பன் மற்றதில் சேர்ந்தார். யாருடைய தூதர் பெரியவர் என்ற சண்டையில் இருவரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தும் வருடக்கணக்கில் பேசவில்லை. போர் மூண்டதும், தூதர்கள் குதிரை வண்டிகளில் ஏறிப் போய்விட்டார்கள். தகப்பன் வாசலில் நின்று கையசைத்தாராம். பிறகு வந்த சுல்தானின் சிப்பாய்கள், சுடுமுன் யார் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

எண்பத்தேழில் தலைவர்கள் ஒப்பந்தம் எழுதி, சமாதானம் காக்க என்று இந்தியப் படை யாழ்ப்பாணம் வந்தபோது, அம்மா ஒரு படம் அனுப்பினார். எங்கள் வீட்டு வாசல் படலையில் அண்ணை ஒரு சிப்பாயுடன் கைகுலுக்குகிறார். இருவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. மதாம் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, கவிழ்த்துத் திருப்பித் தந்தார்.

"எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தது. உன் வீட்டாரை அங்கிருந்து போகச் சொல்."

அதன்பின் நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், மேலே இருந்து குரல் மட்டும் வரும்: "இன்னும் சிரிக்கிறார்களா?"

பொறுக்காமல் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டைவிட்டு வேறெங்காவது போகச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே தம்பி? அவங்கள் எங்கட கோயிலுக்கு வந்து கும்பிட்டுத் திருநீறும் பூசிக்கொண்டு போறாங்கள். எங்கட ஆக்கள்."

நான் வற்புறுத்தவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

ஐப்பசியில் இந்தியப் படைக்கும் எங்கள் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. செய்தி கிடைத்த அன்று படியேறிப் போனேன். தட்டுமுன் கதவு திறந்தது. மதாம் கறுப்பு உடுத்து நின்றார்.

"அண்ணனா?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது. அந்தப் படலையடியில்தான் இந்தியச் சிப்பாய்கள் அண்ணையைச் சுட்டிருந்தார்கள்.

மதாம் காலமாகி எத்தனையோ வருடங்கள். அம்மா இப்போது மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் என்னுடன் இருக்கிறார். தொலைக்காட்சியில் எந்த நாட்டுத் தலைவர்களாவது ஒப்பந்தம் எழுதிக் கைகுலுக்கினால், எழுந்து போய் வாசற்கதவைப் பூட்டிவிட்டு வருவார்.