அப்பா காலை மடக்கியதால் அல்ல

அந்த ஒரு வாக்கியத்தையும் நான் சொல்லியிருந்தால் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பாரா?

அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை மருந்தால் அடைப்பதாக ஈப்போ மருத்துவமனையில் டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு சிம்பாங் பூலாயில் காவல் வேலை பார்த்தவர் அப்பா. வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்வது நான்தான்.

மிக அரிதாக முதுகுத் தண்டு பாதித்து இரண்டு கால்களும் செயலிழக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அப்பா ஏற்கெனவே நாற்காலி நுனியில்தான் இருந்தார். கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். என் மடியில் இரண்டு வயது மகள் வேறு அழுதுகொண்டிருந்தாள். அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை. பயத்தில் விட்டேனா, சீக்கிரம் முடியட்டும் என்று விட்டேனா, தெரியவில்லை.

"டாக்டரு அவ்ளோ நேரம் பேசுனாரு, நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட?"

"அவ்ளோதான்பா. காய்ச்சல் வரும், வாந்தி வரும், வலிக்கும்."

"அதுக்கா இத்தன பேப்பரு?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை முடிந்ததும் ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். மகளின் பால் போத்தல் கட்டிலில் உருண்டது. அது விழாமலிருக்க அப்பா முழங்காலை உயர்த்தினார். சற்று நேரத்தில், "ரெண்டு காலும் மரத்துப் போச்சும்மா" என்றார். அதன் பிறகு அவர் நிற்கவில்லை.

மருந்து முதுகுத் தண்டுக்குப் போகும் சிறு குழாயிலும் நுழைந்திருக்கலாம், காலை மடக்கியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "முன்பே சொன்னேனே" என்றார். தலையாட்டினேன். வீட்டாரிடம், "ஏன்னு சரியாத் தெரியலையாம்" என்றேன்.

போன வாரம் தாப்பாவிலிருந்து அத்தை பார்க்க வந்தார். அம்மா அவரிடம், "சொன்னா கேக்குற ஆளா லா உங்க அண்ணன்? காலை ஆட்டாதீங்கன்னு நர்சு மிசி எத்தன தடவ சொன்னுச்சு" என்றார்.

"இப்ப வந்து சொல்லச் சொல்லு, ஆடாமக் கெடக்கேன்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தை போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "பால் போத்தலப் பிடிக்கப் போயித்தான் இப்படி ஆச்சுன்னு பாப்பா பெரியவளானதும் யாரும் சொல்லிடக் கூடாது. தாங்க மாட்டா."

"சரிப்பா" என்றேன்.

அடுத்த வாரம் மீண்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும். "நீ வந்தாப் போதும், நீதான் வெளக்கமாச் சொல்வ" என்கிறார் அப்பா. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் அவர் பக்கத்தில் போய் உட்கார்கிறேன். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வருகிறேன்.

வீட்டாருக்காக மொழிபெயர்த்தபோது எதையாவது விட்டுவிட்டு, பிறகு ஒப்புக்கொண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்?