நாங்கள் தோற்காத வருஷம்

ஆசிரியர் பயிற்சிக்காக நான் தங்கிப் படித்த கல்லூரி, அந்த வருஷத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, கூடைப்பந்தில் எதையும் வென்றதில்லை. அந்த ஒரு வருஷம் மட்டும் ஐந்து ஆட்டங்கள் ஆடி ஐந்திலும் வென்றோம். ஊரில் இன்றைக்கும் யாராவது அதை நினைவு வைத்துக்கொண்டு, "நீங்கதானே அந்த டீம்ல வெளாண்டது?" என்று முகம் மலரக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஏழு பேர் இருந்தோம். திடல் என்று சொல்லிக்கொண்டது, சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சிமெந்துத் தரை. அதன் ஒரு பக்கம் நேரே தேயிலைச் சரிவு. பந்து கை தப்பினால் செடிகளுக்குள் உருண்டுபோய்விடும். யாராவது அட்டைக்கடி வாங்கிக்கொண்டு எடுத்து வரவேண்டும். எங்களுக்கு ஆட்டம் பழக்கிய விரிவுரையாளர், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், ஒரு சிங்களப் பெண்மணி. எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழை எங்களிடமே பயமில்லாமல் பேசுவார். "நங்கி, நீங்க ஓடறது வேணாம். பந்து ஓடணும்" என்பார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி; அப்படி அவர் கூப்பிடும்போது, திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று தெரியாது.

எங்களில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். விடுதியில் என் பக்கத்துக் கட்டில். நான் பூண்டுலோயாக்காரி. இருவரும் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கூடைப்பந்தையே கையில் தொட்டோம். ஆனால் அவள் இடது கையால் பந்தை உயர்த்தியதும் நாங்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு வளையத்தைப் பார்ப்போம். அவ்வளவு நம்பிக்கை.

முதல் ஆட்டத்தில் வென்ற வாரம். பயிற்சி முடிந்து குளியலறைப் பக்கம் போனேன். அவள் படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறமே இல்லை.

"என்னாடி ஆச்சு?"

"ஒன்னுமில்ல. பனி. இந்தப் பனி எனக்கு ஒத்துக்கல."

"மிஸ்ஸக் கூப்பிடவா?"

என் கையை எட்டிப் பிடித்தாள். "சொல்லிப்புடாத. தெரிஞ்சா என்ன ஒக்கார வச்சிருவாங்க."

சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. அந்த முதல் ஆட்டம் வரைக்கும் நான் வாழ்க்கையில் எதிலும் வென்றதில்லை. வென்று வந்த சாயங்காலம் விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னொரு முறை வேண்டும் என்று இருந்தது. அவள் இல்லாமல் அது கிடைக்காது.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆட்டத்தின் நடுவே அவளுக்கு மூச்சு முட்டினால் என்னைப் பார்ப்பாள். உடனே நான் குனிந்து என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். அவர் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துவார். நான் மெதுவாகக் கட்டுவேன். ஒரு முடிச்சு, அதை அவிழ்த்து மறுபடி ஒரு முடிச்சு. அவள் முழங்காலில் கையை ஊன்றி நிற்பாள். எனக்குப் பின்னால் அவளுடைய மூச்சு கேட்கும். அது சமமாகிற வரைக்கும் நான் எழும்பமாட்டேன். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது மிஸ் எனக்குப் புதுக் கயிறு ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தார். "இது கழலாது நங்கி, நல்ல கயிறு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா விடுதிக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர். இரண்டு பஸ் மாறி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மரத்தடி வாங்குப் பலகையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா என்னைக் கேட்டார்: "நீயும் பந்து வெளாடுறியா மக?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "இவதான்மா வெளாடுவா. நான் சும்மா பக்கத்துல ஒக்காந்து புள்ளி எழுதுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அரைக்காற்சட்டை போட்டு ஆடுவது தெரிந்தால் அம்மா ஏசுவார், அதனால் மறைக்கிறாள் என்று நினைத்தேன். "ஆமாங்கம்மா. இவ கணக்குல கெட்டிக்காரி" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது என்ன நிம்மதி என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இறுதி ஆட்டம் கண்டியில். அங்கே பனி இல்லை, வெயில். முதல் பாதியிலேயே நான் மூன்று முறை கயிறு கட்டிவிட்டேன். நாலாவது முறை கையைத் தூக்கியபோது நடுவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவளைத் திரும்பிப் பார்த்தேன். பரவாயில்லை என்பதுபோல் கையைக் காட்டினாள். முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என்னிடம் வந்தது. எனக்கு நேரே வளையம். எறிந்திருக்கலாம். நான் இடது மூலையில் நின்ற அவளிடம் கொடுத்தேன். அவள் எறிந்தாள். பந்து விளிம்பில் பட்டு மேலே எழும்பி, உள்ளே விழுந்தது.

திரும்பி வரும்போது பஸ் முழுக்கப் பாட்டு. மிஸ்ஸும் தாளம் போட்டார். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய நெஞ்சு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரு கதவை மாறி மாறித் தட்டுவதைப் போல, ஒழுங்கில்லாமல் அடித்தது. "ஒனக்கு என்னாடி இப்புடி அடிக்குது?" என்றேன். "சந்தோசம்" என்றாள்.

விடுமுறை விட்டுப் பன்னிரண்டாம் நாள், ஊரில், காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

செத்த வீட்டுக்கு ஆறு பேரும் மிஸ்ஸோடு போனோம். அங்கே விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று மிஸ் வழியிலேயே சொல்லியிருந்தார். அம்மா அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா மக? முடியலன்னு, மூச்சு வாங்குதுன்னு, எதாச்சும்?"

மிஸ் பக்கத்தில் நின்றார். மற்ற ஐந்து பேரும் நின்றார்கள்.

"இல்லங்கம்மா" என்றேன்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. பந்தின் சத்தமல்ல, மூச்சு. முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், குனிந்து நிற்கிற ஒருத்தி விடுகிற மூச்சு. திம்புள்ளப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், கேட்கும். திரும்பினால் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். கலியாணமான பிறகு கணவரிடம் சொன்னேன். குளிருக்குக் காது அடைத்திருக்கும் என்று மருந்து வாங்கிக் கொடுத்தார். கயிறு வைத்த சப்பாத்தை நான் இப்போது போடுவதில்லை. குனிந்தால் அது மிகவும் கிட்ட வந்துவிடும்.

போன வருஷம் பாடசாலை விளையாட்டுப் பயிற்சி நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடி முடித்து, முழங்காலில் கை ஊன்றி நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி நிற்பதுதான். நான் கத்திவிட்டேன். அவளை உட்கார வைத்து, பெற்றோரை அழைப்பித்து, வைத்தியரிடம் கொண்டுபோகச் செய்து, ஓட்டத்திலிருந்தும் பெயரை எடுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ஏன் டீச்சர் இப்புடி? அந்தப் புள்ள மூனு நாளா அழுவுது" என்றார். அந்தச் சனிக்கிழமை உடப்புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன்.

தோட்டத்து லய வரிசையில் அதே ஒற்றை அறைக் காம்பரா. அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தேத்தண்ணி கொடுத்தார். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பனி என்று அவள் சொன்னது, கயிறு கட்டியது, கண்டி, பஸ், அன்றைக்கு நான் சொன்ன பொய், எல்லாம்.

அவர், "வெளாண்டாளா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"புள்ளி எழுதுறேன்னுதானே சொன்னா?"

"பொய்ங்கம்மா. நானும் சேந்துதான் சொன்னேன்."

அப்போதுதான் அவர் சொன்னார். எட்டு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் அது இருதயத்தில் போய் நின்றதாம். மாதா மாதம் ஊசி. ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். கல்லூரிக்கு நிரப்பிய பத்திரத்தில் நோய் வருத்தம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்கள். அம்மா அதற்குக் கையெழுத்து வைத்தார். தெரிந்தால் சேர்க்கமாட்டார்கள் என்ற பயம். பல் காட்டப் போகிறேன் என்று அவள் மாதம் ஒருமுறை நுவரெலியாவுக்குப் போய் வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆட்டங்கள் தொடங்கிய பிறகு அவள் போகவில்லை என்பதும்.

"எனக்கு வருத்தம் தெரியும். வெளாட்டு தெரியாது," என்றார் அம்மா. "ஒனக்கு வெளாட்டு தெரியும், வருத்தம் தெரியாது. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே வாங்குலதான் ஒக்காந்திருந்தோம்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"ஒம்மேல எனக்குக் கோவம் இருக்கு," என்றார். "மறைச்சுப் பேச மாட்டேன். எம்மேல அதவிட இருக்கு."

இனி எழுந்து போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"எப்புடி வெளாடுவா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை.

"எம்புள்ள வெளாண்டத நான் பாக்கலயே. நீ பாத்தீல்ல? சொல்லு."

சொன்னேன். இடது கையை எப்படி உயர்த்துவாள் என்று எழுந்து நின்று காட்டினேன். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது; வளையம் எவ்வளவு உயரம், எத்தனை பேர் மறிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்டி ஆட்டத்துக்கு வந்ததும் நிறுத்தப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"பந்து உள்ள போச்சா?"

"போச்சுங்கம்மா."

"அப்ப அவ என்னா செஞ்சா?"

"சிரிச்சா. ரெண்டு கையயும் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா."

"நெஞ்சப் புடிச்சாளா?"

வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சா," என்றேன். "சிரிச்சுக்கிட்டே புடிச்சா."

அம்மா தலையை ஆட்டினார். ஆறிப்போன தேத்தண்ணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வேறு ஊற்றி வர உள்ளே போனார்.