மருந்து அறை வாசலில் பேசிய இங்கிலீஷ் பாடம்

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, கைவண்டி இழுத்து முன்னுக்கு வந்தவன் நான். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் என் மச்சினனோ அப்பா பணத்தில் கல்லூரிக்குப் போனவன்.

வீட்டு விசேஷத்தில் நான் புதிதாக வாங்கிய பிக் அப் வண்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவன் குறுக்கே புகுந்தான்.

"வண்டி மட்டுமா அத்தான்? போனை எடுத்தாலும் பிக் அப், ஆளைக் கூப்பிடப் போனாலும் பிக் அப், யாவாரம் சூடுபிடிச்சாலும் பிக் அப், கேட்டுக் கேட்டே ஒரு பாஷையைப் படிச்சுக்கிட்டாலும் பிக் அப்!"

பந்தியே வாய் பிளந்தது. "எந்தம்பி அறிவைப் பாத்தீகளா?" என்று என் மனைவி என்னிடமே கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே செல்போனில் இங்கிலீஷ் பாடம் கேட்க ஆரம்பித்தேன். அவனை மட்டம் தட்டும் நினைப்பில், போனை அணைக்காமலே கம்பெனி கேட்டைத் தாண்டினேன். முதலாளி என்பதால் வாட்ச்மேன் தடுக்கவில்லை. வெடிமருந்து கலக்கும் அறை வாசலில், அங்கே வேலை பார்க்கும் மாரியம்மா குறுக்கே கை நீட்டினாள்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க! சட்டைப் பையில என்ன பேசுது? ஒரு பொறி போதும், எங்களயும் சேத்துல்ல மேல அனுப்பிருவீக!"

போனோடு கேட்டுக்கு வெளியே ஓடினேன். செல்போன் கொண்டுவந்த ஆளை வேலையை விட்டே நிறுத்தியவன் நான்.

இப்போது கேட்டுக்கு வெளியே காரிலேயே பாடத்தை முடித்து, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மறந்தால் என்னையும் மறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிக் அப்புக்கு மச்சினன் சொன்னது நாலு அர்த்தம். எனக்கு ஆறு தெரியும். அடுத்த விசேஷம் வரட்டும்.