பச்சைப் புள்ளிகளை வெல்ல வைத்தவன்

என் அக்காவுக்கு, ராத்தாவுக்குக் குருதிப் புற்று என்று தெரிந்த பிறகுதான் அந்த நிரலை எழுதத் தொடங்கினேன். கல்முனையில் கணினி திருத்துகிறவன் நான். நிரல் எழுதப் பழகியதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடந்த பாடங்களில்தான். திரையில் சிவப்புப் புள்ளிகள் நோய்க் கலங்கள், அதாவது புற்று செல்கள். பச்சை, அவற்றைத் தேடிக் கொல்லும் நிர்ப்பீடனக் கலங்கள், உடம்பின் காவல்காரர். ஒரு பச்சை சிவப்பைத் தொட்டால் கொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த எண்ணைக் கொடுத்தால், ராத்தா தினமும் போடும் மாத்திரை, அந்தக் குளிசை, உள்ளவரை சிவப்பு ஒடுங்கிக் கிடந்தது. குளிசையை நிறுத்தினால் பச்சை சோர்ந்துபோய்த் திரையே சிவந்தது.

குளிசை இல்லாமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ராத்தா தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றார்.

"இதுதான் என்ட ரெத்தமாடா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் அந்த எண்ணைக் கூட்டிவிட்டேன். பச்சை சிவப்பைத் தின்னத் தொடங்கியது.

"அடிடா பச்சைக்காரா! கந்தூரிச் சோத்துக்கு வந்த ஆக்கள் மாதிரியெல்லுவா மொய்க்கிறானுகள். இது குளிசை இல்லாமலா?"

"ஓம் ராத்தா."

"இன்னொருக்காப் போடு."

நாலு தரம் போட்டேன். நாலு தரமும் சிரித்தார்.

நோன்பு மாதத்தில் வைத்தியர் தடுத்ததால் அவர் நோன்பு பிடிக்கவில்லை. நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று மௌலவி சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. பெருநாள் கழிந்ததும், விடுபட்ட நோன்புகளைக் கழாவாக, ஈட்டு நோன்பாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். குளிசை போட்டால் குமட்டும், விடியுமுன் ஸஹருக்குச் சோறு இறங்காது. ஆகவே குளிசையை விட்டுவிட்டார். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும்போதுதான் இதை என் காதில் சொன்னார்.

"உள்ளுக்கு ஒன்ட பச்சைக்காரனுகள் நிக்கிறானுகள்தானே. நோன்ப முடிச்சிட்டு மறுகா போடுவம் எண்டு பாத்தன்."

இரத்தப் பரிசோதனையில் வெள்ளைக் கலங்கள் ஏறியிருந்தன; நோய் மீண்டும் தலைதூக்கியதன் அடையாளம். குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார்.

"இடைக்கிட மறந்து போறன், டொக்டர்."

பச்சைக்காரரைச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்காமல் என் ராத்தா பொய் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் அதைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய எண்ணைப் போட்டு அவர் முன்னால் ஓட விட்டேன். செய்ததைச் சொன்னேன். திரை முழுக்கச் சிவக்கும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை.

"அண்டைக்கு ஏன்டா இதக் காட்டல்ல?"

"நீங்க அழுவீங்க எண்டு..."

"அழுதிருப்பன்தான். அழுது முடிச்சிட்டுக் குளிசையப் போட்டிருப்பன்."

அன்றும் அவர் நோன்பு. அந்தியில் மஃரிபு பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, ரெண்டு வாய் கஞ்சி குடித்து, குளிசையை விழுங்கினார். நாளைக்கு நோன்பு இல்லை என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அடுத்த கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன். அவர் மறக்கவில்லை என்பதை வைத்தியரிடம் நான் சொல்ல வேண்டும். குளிசையை ஏன் விட்டார் என்பதையும்.