கிண்ணியாக் கிணற்றுத் தண்ணீர், கப்பலில்

குடிதண்ணீரில் கிருமி கொல்லும் யூவி லாம்ப் பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கப்பல் கதை சொல்ல வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்றில் யூவி வேலை செய்யவில்லை. படகில் போய்த் திறந்து பார்த்தேன். லாம்புக்குக் கரண்ட் கொடுக்கும் பலாஸ்ட் எரிந்திருந்தது. நாளைக்குத்தான் புதியது கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டு இறங்கப் போனேன். சமையற்காரன் ரபீக் பின்னாலேயே வந்தான். கிண்ணியாப் பிள்ளை. கம்பனி ஒருவரையும் கரைக்கு விடவில்லை. மேல்தளத்தில் நின்றால் அவனுடைய ஊர்ப் பள்ளிவாசல் தெரிகிறது, ஆனால் போக ஏலாது.

"அண்ணன், கடல் தண்ணியில உப்பெடுத்துத் தாறதைக் குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் கொண்டுவருவீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போய் அவன் வீட்டை விசாரித்துப் பிடித்தேன். அவனுடைய உம்மா தண்ணீர் அள்ளி ஒரு பெரிய போத்தலை நிறைத்துத் தந்தார்.

"மகன் மெலிஞ்சிட்டானா?"

"இல்லை உம்மா, நல்லா இருக்கிறான்."

"இருங்க, தேயிலை போட்டு ரீ ஊத்திறன், குடிச்சிட்டுப் போகலாம்."

"நேரமில்லை."

தண்ணீரை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பலுக்கே சமைக்கிறவன் வயிற்றோட்டத்தில் படுத்தால் என்ன ஆகும்? குளோரின் போட்டால் மணக்கும். எங்கள் கடையில் வைத்து யூவியில் விட்டேன். கார்பன் ஃபில்டரை மட்டும் கழற்றி வைத்தேன், அது கிணற்று வாசத்தையும் எடுத்துவிடும்.

மறுநாள் பலாஸ்ட் பூட்டி லாம்ப் எரிந்ததும் போத்தலை நீட்டினேன்.

"மருந்து கிருந்து போட்டீங்களா?"

"லைட் மட்டும்தான் காட்டினனான். அது கிருமியைக் கொல்லும், ருசியில கை வைக்காது. குடிச்சுப் பார்."

கரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தான். "அந்தச் சாடையான உப்பு, நாக்கில பட்டும் படாமலும், அப்பிடியே இருக்கு" என்றான். போத்தலை மூடி அலுமாரியில் வைக்கப் போனவன் திரும்பினான்.

"எங்கட வீட்டில ரீ குடிச்சீங்கதானே?"

"இல்லைத் தம்பி, அவசரத்தில வந்திட்டன்."

அவன் முகம் வாடிவிட்டது. கேத்தலை எடுத்து அந்தத் தண்ணீரில் பாதியை ஊற்றினான்.

"உனக்கென்ன விசரா? நீ குடி. இனி எப்ப கிடைக்கும்?"

"வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோட அனுப்பினா உம்மா ஏசுவா. இருங்க அண்ணன்."

நான் மினக்கெட்டுக் கிருமி கொன்ற தண்ணீரை அவன் கொதிக்க வைத்தான். இருந்து குடித்தேன்.

கப்பல் அன்று பின்னேரமே வெளிக்கிட்டது. அவன் கொண்டுபோனது அரைப் போத்தல்தான். வேலைக்குப் போகிற வீட்டில் ரீ தந்தால் இருந்து குடித்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளே.