முள்ளெலிக்கு வெள்ளிக்கிழமை விரதம்

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம். சொன்னால் சிரிப்பீர்கள் என்ற பயம்தான். பரவாயில்லை, சிரியுங்கள்.

மழை விடாத ஒரு காலையில் மிருக வைத்தியரைப் பார்க்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கறவை மாடு. பின்னால் இரண்டு ஆடு. நடுவில் சப்பாத்து வாங்கிய அட்டைப்பெட்டியோடு நானும் என் கணவரும்.

"பெட்டிக்குள்ள என்னாங்க, கோழிக்குஞ்சா?" என்று மாட்டுக்காரர் கேட்டார்.

"முள்ளெலிங்க."

"அது ஒடம்புக்கு என்னா வருத்தம்?"

"குண்டாயிருச்சு..."

மனிதர் தன் மாட்டின் விலா எலும்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பஞ்சு எங்கள் மகள் திவ்யாவின் செல்லம். உடம்பெல்லாம் முள், பெயர் பஞ்சு! கொழும்பில் வேலை பார்க்கிறவள், ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தாள். வேலை விஷயமாகச் சில மாதம் வெளிநாடு போக வேண்டி வந்ததும், ஹட்டனில் இருக்கும் எங்கள் தலையில் கட்டிவிட்டாள்.

அதற்குக் குளிர் ஆகாது, பெட்டிக்குப் பக்கத்தில் பல்ப் எரிய வேண்டும். சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. கொழுப்புக் குறைந்த பூனைத்தீனி அளவாக. அவித்த முட்டை கொஞ்சம். எப்போதாவது காய்ந்த புழு. பால், ரொட்டி, இனிப்பு — மூச்!

"அம்மா, அப்பா மேல ஒரு கண்ணு வச்சிக்கங்க" என்று தனியாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவைத் தெரிந்த பெண்.

என் கணவருக்குச் சீனி வருத்தம். ரொட்டியைக் குறையுங்கள், இனிப்பை மறந்துவிடுங்கள், நடங்கள் என்று கிளினிக்கில் சொல்லிச் சொல்லி டாக்டருக்கே வாய் வலித்துவிட்டது. இவர் கேட்டால்தானே? நான் பிஸ்கட் டின்னை ஒளித்து வைத்தேன். அவர் கண்டுபிடித்தார். ஆனால் தான் சாப்பிடவில்லை... பஞ்சுவுக்குக் கொடுத்தார்.

"எனக்குத்தான் குடுத்து வைக்கல. இந்த வாயில்லா ஜீவன் என்னா பாவம் செஞ்சிச்சு?"

போதாததற்குப் பாக்கியம் அக்கா. மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்கு ஏறுவார். ஆளைக் கண்டதும் பஞ்சு 'உஸ்ஸ்' என்று சீறி, முள்ளை விறைத்து, பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

"பசியில கோவம் வருது பாருங்க டீச்சர். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்றார் அக்கா. அடுத்த நாளே மடியில் ரொட்டித்துண்டு வந்தது. "இந்தக் குளிருக்கு ஒடம்புல கொஞ்சம் கொழுப்பு வேணாமா?"

நம் பக்கத்தில் யார் கோபப்பட்டாலும் முதல் சந்தேகம் வயிற்றின் மேல்தானே? மாமியார் முறைத்தால் தேத்தண்ணி. மருமகன் முறுக்கிக்கொண்டால் கோழிக்கறி. முள்ளெலி சீறினால் ரொட்டி!

வெள்ளிக்கிழமை கதை இன்னும் அழகு. அன்றைக்கு எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டைகூடச் சட்டியில் விழாது. புழு? "கோயிலுக்குப் போற நாள்ல புழுவா?" என்று கணவர் காதைப் பொத்திக்கொண்டார். பூச்சி தின்னவே பிறந்த பிராணிக்கு வாரம் ஒருநாள் சைவ விரதம். விரதச் சாப்பாடு என்ன? கோயில் சர்க்கரைப் பொங்கல்.

நான் தடுக்கவில்லையா? தடுத்தேன். ஆனால் பகல் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில். ஓய்வு பெற்ற கணவர் வீட்டில், பிஸ்கட் டின்னோடு.

ஒருநாள் அக்கா கையை நீட்டினார். பஞ்சு சீறவில்லை. சுருளவில்லை. சும்மா மல்லாந்து கிடந்தது.

"பழகிருச்சு டீச்சர்!" என்று கைதட்டினார் அக்கா. கணவர் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். 'அன்பால் அடக்கினோம்' என்று கீழே ஒரு வாசகம் வேறு!

பதில் உடனே வந்தது. "அப்பா, விடிஞ்சதுமே டாக்டர்கிட்ட கொண்டு போங்க."

அதனால்தான் அந்த வரிசை. வைத்தியர் சிங்களவர், மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர். என்றாலும் பஞ்சுவைக் கையில் எடுத்து, புரட்டி, அக்குளில் தொங்கிய கொழுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயா, இது பழக்கம் இல்ல. இதுக்குச் சுருண்டு மூட ஏலாது. கொழுப்பு கூட. இப்படிப் போனா ஈரல் போகும், செத்துப் போகும்."

கணவருக்கு முகம் செத்துவிட்டது. நாங்கள் அன்பு என்று நினைத்தது அந்தச் சின்ன ஜீவனால் தன் உடம்பைக்கூடச் சுருட்ட முடியாத நிலை. எனக்கு அழுகையே வந்தது. மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

"பட்டினி போட வேணாம், அதுவும் ஈரலுக்குக் கூடாது. மெல்ல மெல்லக் குறைங்க. நடக்க விடுங்க" என்றார் வைத்தியர்.

இதே அறிவுரையைக் கிளினிக்கில் எத்தனை முறை கேட்டவர் என் கணவர்! இந்த முறைதான் காதில் விழுந்தது. பிஸ்கட் டின் பக்கத்து வீட்டுக்குப் போனது. பஞ்சுவின் தீனியைத் தேக்கரண்டியால் அளந்தார். மாலையில் ஹீட்டரைப் போட்டு, ஹாலில் பஞ்சுவை இறக்கிவிட்டு, பின்னாலேயே நடந்தார். வெள்ளிக்கிழமை சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முட்டையும் அவித்தார். பாக்கியம் அக்காவை வாசலிலேயே மறித்து, "அக்கா, மடியில என்னா?" என்று சோதனை போட்டார். அக்கா இரண்டு நாள் கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

முந்தாநாள் காலை. பெட்டியைத் துடைக்கக் கையை விட்ட கணவர், "ஆ!" என்று அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

பஞ்சு முழுப் பந்தாகச் சுருண்டிருந்தது. மூக்கு தெரியவில்லை, கால் தெரியவில்லை. உள்ளேயிருந்து கோபமாக 'உஸ்ஸ்...' என்று சத்தம். கணவரின் விரலில் இரத்தம். கண்ணில் தண்ணீர்.

"பொழச்சிருச்சும்மா... குத்திருச்சு பாரு, எப்படிக் குத்திருச்சு பாரு!"

இந்த வீட்டில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டது இதுவே முதல் முறை. விரலில் மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல காரியம் நடந்திருக்கு. ஒரு பாயாசம் வைக்கக் கூடாதா?"

முள் இல்லாமல் பிறந்துவிட்டேனே!